அப்பாவுக்கு கேன்சர், கூட இருக்கும் நான் உடைந்துபோகிறேன்: என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டிருப்பவருக்கு 38 வயது, தஞ்சாவூர்ப் பக்கம். அப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. எட்டு மாதமாகக் கூட இருந்து பார்ப்பவர் இவர்தான். அண்ணன் துபாயில். அப்பாவிடம் "வயித்துல புண்ணு" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்கள். போன வாரம் ஊட்டிய கஞ்சியை அவர் கையால் தட்டிவிட, இவர் கத்திவிட்டார். அன்றிரவு, "இப்படி இழுத்துக்கிட்டே போகாம முடிஞ்சிட்டா தேவலை" என்று தோன்றியிருக்கிறது. "இப்படி நினைக்கிற நானெல்லாம் ஒரு மகளா?" என்று கேட்கிறார். அடுத்த வாரம் தோழி வீட்டுக் கல்யாணம் இருக்கிறதாம், போகலாமா என்று ஓரத்தில் ஒரு கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மகள்தான், சந்தேகமே வேண்டாம். புற்றுநோய்ப் பிரிவில் ஆலோசகராகப் பதினாறு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் எழுதிய அந்த வரியை என்னிடம் சொல்லாமல் போனவர்கள் குறைவு. முதல் நாள் யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ வரும்போது, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கிச் சொல்வார்கள். சொன்னதும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் காறித் துப்பப்போகிறேன் என்கிற மாதிரி ஒரு பார்வை.

அந்த நினைப்பில் இரண்டு ஆசைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அப்பா படும் பாடு முடிய வேண்டும் என்பது ஒன்று. அதை ஊரில் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். நான் படும் பாடும் முடிய வேண்டும் என்பது இன்னொன்று. உங்களை உறுத்துவது இந்த இரண்டாவது. ஆனால் எட்டு மாதமாக ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்காத உடம்பு வேறு எதைக் கேட்கும்?

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆள் இருக்கும்போதே ஆரம்பித்துவிடும் துக்கத்தைப் பற்றி எரிக் லிண்டெமன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1944-லேயே எழுதினார். போர்முனைக்குப் போன கணவன் திரும்பி வரமாட்டான் என்று மனசுக்குள் அழுது முடித்துவிட்ட ஒரு மனைவி, அவன் உயிரோடு வந்து நின்றபோது அவன் மேல் அன்பே இல்லாமல்போய் விவாகரத்துக் கேட்டதை அதில் சொல்கிறார். நீங்களும் அப்பாவுக்காக எட்டு மாதமாகத் தவணை தவணையாக அழுதுகொண்டிருக்கிறீர்கள். ஆகவே சில நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் மனசு மரத்துப்போயிருக்கும். அப்படி ஒரு நாள் வந்தால் பயப்படாதீர்கள்.

சரி, பாரம் என்று சொல்கிறோமே, அது எங்கிருந்து வருகிறது? எல்லாரும் வேலையைச் சொல்வார்கள்: பெட்பேன், மாத்திரை, டோக்கன், கீமோவுக்கு அழைத்துப் போவது. வேலை பாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். உங்களை அதிகம் தின்பது "வயித்துல புண்ணு" என்ற அந்த இரண்டு வார்த்தை என்று எனக்குப் படுகிறது. எட்டு மாதமாக ஒரு நாடகம் நடத்துகிறீர்கள். ரிப்போர்ட்டை ஒளித்து வைக்க வேண்டும், டாக்டருக்கு முன்கூட்டியே கண்ணைக் காட்ட வேண்டும், சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்தி "அப்பாகிட்ட எதுவும் கேட்டுடாதீங்க" என்று கெஞ்ச வேண்டும். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு சிரித்தபடி வெளியே வர வேண்டும். இதற்கு ஷிப்ட் கிடையாது, மாற்று ஆளும் கிடையாது.

இதில் வேடிக்கை, பெரும்பாலும் அந்த நாடகத்தின் முதல் பார்வையாளருக்கே கதை தெரியும். ஒரு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். இரண்டு மகள்கள், இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து "அப்பாவுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க" என்று சத்தியம் வாங்கியவர்கள். ஒருநாள் அவரைத் தனியாகப் பார்த்தபோது அவராகவே ஆரம்பித்தார். "ஏம்மா, முப்பது வருஷம் போர்டு பார்த்தே பொழப்ப ஓட்டினவன் நான். இந்த ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கிற போர்டு எனக்குப் படிக்கத் தெரியாதா?" கொஞ்ச நேரம் கழித்து, "புள்ளைங்ககிட்ட சொல்லிடாதீங்க. அதுங்க தாங்காது" என்றார். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று பேரும் அடுத்தவர் தாங்கமாட்டார் என்று நடித்துக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் அப்பாவும் அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் கையில் ஊசி ஏற்றி, முடி கொட்டி, பதினைந்து கிலோ இறங்கிய ஒரு மனிதர் எட்டு மாதமாகப் புண் என்றே நம்பிக்கொண்டிருப்பது கஷ்டம். கஞ்சியைத் தட்டிவிட்ட கைக்குப் பின்னால், தன்னிடம் யாரும் உண்மை பேசமாட்டேன் என்கிறார்களே என்கிற கோபமும் இருந்திருக்கலாம்.

உடனே போய் "அப்பா, உங்களுக்கு கேன்சர்" என்று போட்டு உடைக்கச் சொல்லவில்லை. கேட்பதிலிருந்து தொடங்குங்கள். வலி குறைவாக இருக்கும் ஒரு நேரம், டிவி அணைத்திருக்கும் நேரம். "உங்களுக்கு என்ன ஆயிருக்குன்னு நினைக்கிறீங்கப்பா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த அமைதியை நிரப்ப அவசரப்படாதீர்கள். அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. "புண்ணுதானே, சரியாயிடும்" என்று அவர் சொன்னால், அவருக்கு இப்போது அவ்வளவுதான் வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி ஒருநாள் கேட்கலாம். "என்னமோ பெருசா இருக்கு, நீங்க சொல்ல மாட்டேங்கிறீங்க" என்றால், "ஆமாப்பா, டாக்டர்கிட்ட உங்களையும் வச்சுக்கிட்டுப் பேசலாமா?" என்று கேளுங்கள். மீதியை டாக்டர் பார்த்துக்கொள்வார். எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அப்பா முடிவு செய்யட்டும். அவர் கேட்காத எண்களை, எத்தனை மாதம் என்பது போன்றவற்றை, நீங்களாகத் திணிக்க வேண்டாம்.

"தெரிஞ்சா மனசு விட்டுடுவார்" என்று அண்ணன் சொல்வார். எல்லா அண்ணன்களும் சொல்வதுதான். 2008-ல் அமெரிக்காவில், முற்றிய நிலையில் இருந்த 332 புற்றுநோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களையும் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு வெளியானது. கடைசிக் காலம் பற்றி டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசியவர்களுக்கு மனச்சோர்வு கூடுதலாக இருக்கவில்லை. அவர்களுக்குக் கடைசி வாரத்தில் வென்டிலேட்டர், ஐசியு என்று அலைக்கழிப்பு குறைந்தது. அந்த அலைக்கழிப்பைக் கண்ணால் பார்த்த குடும்பத்தினர்தான் பின்னால் அதிகம் துவண்டுபோனார்கள். நம் ஊர் வேறு, குடும்பம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் அறைக்குள் பார்த்ததும் கிட்டத்தட்ட இதுவேதான். அந்தக் கண்டக்டர் வீட்டில் பேச்சு திறந்த பிறகு முதலில் அவர் கேட்டது, போஸ்ட் ஆபீஸில் போட்டிருந்த பணத்துக்கு நாமினி சரியாக இருக்கிறதா என்று. இரண்டாவது, நெத்திலிக் குழம்பு. சாப்பிட முடியாவிட்டாலும் வாசனைக்கு வையுங்கள் என்றார்.

சாப்பாடு என்றதும் கஞ்சிக்கு வந்துவிடுகிறேன், ஏனென்றால் வீடுகளில் நடக்கும் சண்டையில் பாதி தட்டைச் சுற்றித்தான் நடக்கிறது. நமக்கு ஊட்டுவதுதான் அன்பு. ஒருவர் சாப்பிடவில்லை என்றால் நாம் சரியாகக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். பார்க்க வருகிறவர்களும் ஆப்பிளையும் ஹார்லிக்ஸையும் வைத்துவிட்டு, "என்ன இப்படி இளைச்சிட்டார், ஒழுங்கா சாப்பிடக் குடுக்கறியா?" என்று உங்களைத்தான் கேட்பார்கள். (கேட்டுவிட்டு அரை மணியில் பஸ் ஏறிவிடுவார்கள்.) உண்மை வேறு. முற்றிய புற்றுநோயில் உடம்பு உணவைப் பயன்படுத்தும் விதமே மாறிவிடுகிறது. தசை கரைகிறது, பசி அடங்கிவிடுகிறது. இரைப்பையிலேயே கட்டி இருந்தால் நாலு ஸ்பூனில் வயிறு நிறைந்துவிடும். அதற்கு மேல் போனால் குமட்டும். அவர் இளைப்பது நோயால். உங்கள் சமையலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, இன்னும் இரண்டு கரண்டி திணிப்பதால் அது நிற்கப்போவதும் இல்லை.

ஆகவே பெரிய கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுங்கள். காபி டம்ளரில் அரை டம்ளர், ஒரு நாளைக்கு ஆறு தடவை. அவர் கேட்கும்போது, அவர் கேட்பது. போதும் என்றால் போதும். வாந்தியும் வாய்ப்புண்ணும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து உண்டு. தட்டை வைத்து மல்லுக்கட்டும் அந்த ஒரு மணி நேரம் மிச்சமாகும். கால் பிடித்துவிடலாம், பேப்பர் படித்துக் காட்டலாம். ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் உட்காரவும் செய்யலாம்.

இன்னொரு விஷயம், இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ வீட்டில் கண்ணீர் மிச்சமாகியிருக்கும். கீமோ போடும்போது வாந்தி வராமல் இருக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். அது உடம்புக்குள் போன பிறகு இரண்டு மூன்று நாள் தூக்கம் வராது, சிடுசிடுப்பு வரும். சிலர் ராத்திரி இரண்டு மணிக்கு அலமாரியை ஒழுங்குபடுத்துவார்கள், சிலர் எரிந்து விழுவார்கள். அடுத்து அப்படியே சரிந்து படுத்துக்கொள்வார்கள். காலண்டரில் கீமோ தேதியை வட்டம் போட்டு, அப்பா கத்திய நாட்களையும் குறித்து வையுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தால், அந்தக் கோபத்தில் ஒரு பங்கு மாத்திரையுடையது. டாக்டரிடம் காட்டினால் அளவையோ கொடுக்கும் நேரத்தையோ மாற்ற முடியுமா என்று பார்ப்பார். வலியும் அப்படித்தான். வலியில் இருப்பவர் நல்லவராக இருக்க முடியாது. "மார்ஃபின் ஆரம்பிச்சா அவ்வளவுதான்" என்று பக்கத்து பெட்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வலியோடு வைத்திருக்காதீர்கள். டாக்டர் சொன்ன அளவில் வாய்வழி மார்ஃபின் எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் நடமாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள்.

இப்போது உங்களைப் பற்றி. ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் பெயர் கிடையாது, அட்டெண்டர். "பேஷண்ட் கூட யாரு?" என்று குரல் வந்தால் எழுந்து ஓட வேண்டும். கேஸ் ஷீட்டில் அப்பாவின் எடை, சர்க்கரை, ரத்த அணு எல்லாம் இருக்கும். எட்டு மாதத்தில் நீங்கள் எத்தனை கிலோ இறங்கினீர்கள் என்று எழுத அதில் ஒரு கட்டம் இல்லை. 1999-ல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வை நான் அடிக்கடி அண்ணன்மாருக்குச் சொல்வதுண்டு. நோயுற்ற துணையைக் கவனித்த முதியவர்களை நாலு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். கவனிக்கும் பொறுப்பே இல்லாதவர்களைவிட, மனப்பாரத்தோடு கவனித்தவர்களிடம் இறப்பு 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. பாரம் இல்லாமல் கவனித்தவர்களிடம் அப்படிக் கூடவில்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, கவனிப்பதை விடச் சொல்ல வேண்டியதில்லை, பாரத்தைக் குறைத்தால் போதும்.

பாரத்தில் பெரிய கல் தூக்கம். "ரெஸ்ட் எடும்மா" என்பார்கள், எங்கே எடுப்பது? அதனால் நான் ஓய்வு என்ற சொல்லையே விட்டுவிட்டேன். வாரத்தில் இரண்டு ராத்திரி, வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, போனை அந்த அறையில் வைக்காமல் தூங்க வேண்டும். அந்த இரண்டு ராத்திரிக்கு யார் என்பதுதான் கேள்வி. சித்தப்பா மகனா, கணவரா, காசு கொடுத்து வைக்கும் ஆளா, யாராக இருந்தாலும் சரி. "அவங்களுக்குச் சரியா பார்க்கத் தெரியாது" என்று நீங்களே தடுப்பீர்கள். உங்கள் அளவுக்குத் தெரியாது, உண்மைதான். ஒரு ராத்திரி தலையணை கொஞ்சம் கோணலாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அண்ணனிடம் வருவோம். தூரத்தில் இருக்கும் பிள்ளை திடீரென்று வந்து இறங்கி, "ஏன் இந்த டாக்டர், ஏன் அந்த ஊசி" என்று எல்லாவற்றையும் புரட்டிப்போடுவது உலகம் முழுக்க உண்டு. அமெரிக்க டாக்டர்கள் அதற்கு "கலிபோர்னியா மகள்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அவர் வாட்ஸ்அப்பில் வருவார்: முள்ளுச்சீத்தா இலை, கோதுமைப்புல் சாறு, "இதை ஏன் நீ குடுக்கல?" அண்ணன் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் நியாயம். ஆனால் அங்கே உட்கார்ந்து ஒன்றும் செய்ய முடியாதவனின் குற்ற உணர்ச்சிதான் பெரும்பாலும் இப்படி ஃபார்வர்டாக வந்து விழுகிறது. அவரிடம் "கொஞ்சம் ஹெல்ப் பண்ணு" என்று சொல்லிப் பயனில்லை. பெயர் வைத்த வேலையாகக் கொடுங்கள். முதல்வர் காப்பீட்டுக் கணக்கு, பில், மருந்துக்கு ஆர்டர் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. சொந்தக்காரர்களுக்கு நிலவரம் சொல்வதும் அவர் பொறுப்பு. "இனிமே அண்ணனைக் கேளுங்க" என்று நீங்கள் வாயை மூடிக்கொள்ளலாம். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அப்பாவோடு வீடியோ கால், அரை மணி நேரம். அந்த அரை மணி நீங்கள் மொட்டை மாடியில் இருக்க வேண்டும். லீவு கிடைத்தால் நல்ல நாள் பார்த்து வராமல், கீமோ வாரமாகப் பார்த்து வரட்டும். உள்ளூர் உறவுக்காரர் ஒருவரிடம் ரயில் சலுகைப் படிவத்தை வாங்கி வரச் சொல்லுங்கள். சிகிச்சைக்காகப் போகும்போது ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் புற்றுநோயாளிக்குக் கட்டணமே இல்லை, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. பல பேர் தெரியாமல் முழுக்காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெளியிலிருந்தும் ஆள் கிடைக்கும். நோய்த்தணிப்பு சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது, வலியையும் மற்ற உபாதைகளையும் குறைத்து நோயாளியையும் வீட்டாரையும் தாங்கிப் பிடிப்பது. அந்தப் பெயரைக் கேட்டாலே "கைவிட்டுட்டாங்க" என்று அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். பாஸ்டனில் 151 நுரையீரல் புற்றுநோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2010-ல் வந்தது. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே இதையும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது. இருந்த காலமும் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதம். கீமோ நடக்கும்போதே கேட்கலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்பு சிகிச்சை தருவதும் சேர்ந்திருக்கிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைப் பதிந்து வையுங்கள். நர்ஸ் வந்து புண்ணைத் துடைத்துக் கட்டுவது ஒரு உதவி. "நீ சரியாத்தாம்மா பார்த்துக்கிற" என்று அந்த நர்ஸ் சொல்லும் ஒரு வார்த்தை அதைவிடப் பெரிய உதவி.

சில அறிகுறிகள் இருந்தால் மட்டும் இந்தப் பதிலோடு நிறுத்தாதீர்கள். தூங்க வாய்ப்புக் கிடைத்தும் இரண்டு வாரமாகத் தூக்கம் வரவில்லை, எதிலும் ஒட்டுதல் இல்லை, காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கும். "அப்பாவுக்கு முடியட்டும்" என்பது "நானும் போயிடலாம்" என்று மாறினாலோ, அவரை ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயம் வந்தாலோ, அன்றைக்கே ஒருவரிடம் சொல்லியாக வேண்டும். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். என் பெயரைச் சொல்ல வேண்டுமா என்று தயங்குகிறவர்கள் உண்டு, சொல்லாமலே பேசலாம்.

கத்தியதற்கு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது உள்ளே கிடக்கிறது. "அன்னைக்கு கத்திட்டேன்பா, தூக்கமில்ல" என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். பெரிதாக மன்னிப்புக் கேட்டு அழ வேண்டாம், அப்புறம் அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். சில அப்பாக்கள் அதற்குப் பதிலே சொல்ல மாட்டார்கள். "காபி குடிச்சியா?" என்று கேட்பார்கள். அதுதான் பதில்.

கல்யாணத்துக்குப் போங்கள். அன்றைக்கு அப்பாவோடு யார் என்று இன்றைக்கே பேசி வைத்துவிடுங்கள். காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் உடனே யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் விளையாட்டில்லை. பிறகு பட்டுப்புடவை எடுத்துக் கட்டிக்கொண்டு, அப்பாவிடம் ஒருமுறை காட்டிவிட்டுக் கிளம்புங்கள். மண்டபத்தில் நாலு பேராவது "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்பார்கள். "இருக்கார்" என்று சொல்லிவிட்டு இன்னொரு அப்பளம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போது தாம்பூலப் பையில் ஒரு லட்டு இருந்தால், அப்பாவுக்கு விரல்நுனி அளவு கிள்ளிக் கொடுங்கள். சாப்பிடாவிட்டால் நீங்கள் சாப்பிடுங்கள்.